எந்தக் கிருமி வந்தது என்று கேளுங்கள்

கொரோனாவுக்குப் பிறகு 'இம்யூனிட்டி' என்ற சொல் மளிகைக் கடை வரைக்கும் வந்துவிட்டது. பிஸ்கட் உறையில் இருக்கிறது, சத்துமாவு டப்பாவில் இருக்கிறது, மிட்டாய் பாட்டிலில்கூட இருக்கிறது. பார்த்துப் பார்த்து நமக்கும் ஒரு எண்ணம் வந்துவிட்டது. எதிர்ப்பு சக்தி என்பது செல்போன் சார்ஜ் மாதிரி ஒரே அளவு, இறங்கினால் எதையாவது குடித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று.

நிஜமாகவே எதிர்ப்பு சக்தி பழுதானவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் இப்படி யோசிப்பதில்லை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைவிட, என்ன கிருமி வந்தது, உடம்பில் எங்கே வந்தது என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. வீட்டில் திருட்டு போனால், திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கினானா, கொல்லைக் கதவை நெம்பினானா என்று பார்ப்போம் இல்லையா? எந்த வழியாக வந்தான் என்று தெரிந்தால் எது பலவீனமாக இருந்தது என்று தெரிந்துவிடும். இதுவும் அப்படித்தான்.

1952-இல் இருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில், வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் எட்டு வயதுப் பையன் ஒருவன். நான்கு ஆண்டுகளில் 19 முறை அவனுக்குக் கடுமையான தொற்று வந்திருந்தது. அதில் பல முறை ரத்தத்திலேயே நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் பென்சிலின் போடுவார்கள், சரியாகும், மறுபடியும் வரும். குழந்தை மருத்துவர் ஆக்டன் புரூட்டனுக்கு இது உறுத்தியது. ரத்தத்தில் உள்ள புரதங்களை மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, மேடு மேடாகக் கோடு போட்டுக் காட்டும் கருவி அப்போது அங்கே இருந்தது. பையனின் ரத்தத்தை அதில் வைத்துப் பார்த்தால், காமா குளோபுலின் என்ற புரதத்துக்குரிய மேடு இருக்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடந்தது. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, சுத்தமாக இல்லை. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதம் ஒருமுறை தோலுக்கடியில் ஊசியாகப் போட ஆரம்பித்ததும் அந்த ரத்தத் தொற்றுகள் நின்றன.

காமா குளோபுலின் என்று அன்று சொன்னதில்தான் நாம் இப்போது ஆன்டிபாடி என்று சொல்லும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் ஏன் குறிப்பாக நிமோகாக்கஸ் வர வேண்டும்? அந்தக் கிருமிக்கு மேலே வழவழப்பான சர்க்கரைப் பொருளால் ஆன உறை உண்டு. கிருமியை விழுங்க வரும் வெள்ளையணுவுக்குப் பிடி கிடைக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். விலாங்கு மீனை நறுக்குகிறவர்கள் கையில் சாம்பல் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆன்டிபாடி செய்வது அந்தச் சாம்பலின் வேலை. கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, வெள்ளையணுவுக்குப் பிடிமானம் கொடுக்கும். சாம்பல் இல்லாத வீட்டில் மீன் நழுவுகிறது, அவ்வளவுதான். காதில் சீழ், சைனஸ், நிமோனியா என்று உறை போர்த்திய பாக்டீரியாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பல வைரஸ்களை அதே குழந்தை பெரும்பாலும் சமாளித்துவிடும்.

புரூட்டன் பெயரால் அழைக்கப்படும் இந்த நோய்க்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதானால், ஆன்டிபாடி தயாரிக்க வேண்டிய பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பாதி வளர்ச்சியோடு நின்றுவிடும். இந்தப் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால், டான்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். டான்சிலில் நிறைந்திருப்பவை பெரும்பாலும் பி அணுக்கள்தான். அடிக்கடி தொண்டைத் தொற்று வரும் குழந்தைக்கு டான்சில் வீங்கியிருந்தால் அது சாதாரணம். டான்சிலே காணோம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தக் குழந்தைகள் முதல் ஐந்தாறு மாதங்கள் கொழுகொழுவென்று நன்றாகவே இருப்பார்கள். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வழியாக அம்மா கொடுத்தனுப்பிய ஆன்டிபாடி அதுவரை காப்பாற்றும். அந்த இருப்பு தீர்ந்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வரும். ஆறு மாதத்துக்குப் பிறகு ஆரம்பித்ததா, பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பித்ததா என்பது மருத்துவருக்குப் பெரிய துப்பு.

சில வாரங்களிலேயே ஆரம்பித்தால் சந்தேகம் டி அணுக்கள் பக்கம் போகும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்று வருபவை இவை. செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் வைரஸ், பூஞ்சை, காசநோய்க் கிருமி போன்றவற்றைக் கையாள்வது இவற்றின் பொறுப்பு. பி அணுக்களுக்கு உத்தரவு கொடுப்பதும் இவைதான். அதனால் டி அணு இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் படுத்துவிடும். வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், நிற்காத பேதி, ஏறாத எடை, நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா. நம்மில் யாரையும் அசைத்துக்கூடப் பார்க்காத கிருமி நிமோசிஸ்டிஸ். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடியும் வரும்.

இரண்டு அணிகளும் இல்லாத இந்த நிலையைத்தான் கடும் கூட்டு எதிர்ப்புக் குறைபாடு என்கிறார்கள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து மருத்துவர்கள் 'ஸ்கிட்' என்பார்கள். உலகத்துக்கு இது தெரிந்தது டேவிட் வெட்டர் என்ற சிறுவனால். 1971 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிறந்தவன். அவனுடைய அண்ணன் இதே நோயில் ஏழு மாதக் குழந்தையாக இறந்திருந்ததால், பிறந்த கையோடு கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டார்கள். 1977-இல் நாசா அவனுக்கென்று தனி உடுப்பு செய்து கொடுத்தது. 1983-இல் அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினார்கள். அந்த மஜ்ஜையில் எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ் ஒளிந்திருந்தது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் அது. அவனுக்குப் புற்றுநோயாக மாறியது. 1984 பிப்ரவரியில், பன்னிரண்டு வயதில் இறந்தான்.

டேவிட் கதையைச் சொல்லும் எல்லோரும் அந்தக் கூடாரத்தைப் பற்றியே பேசுவார்கள். நம் ஊரில் பிறக்கும் ஸ்கிட் குழந்தையின் கதை வேறு. அது தோளில் ஆரம்பிக்கும். இங்கே பிறந்த குழந்தைக்கு இடது தோளில் பிசிஜி ஊசி போடுகிறோம். சில வாரங்களில் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறி, தழும்பாக நிற்கும். உங்கள் தோளிலும் இருக்கும், தடவிப் பாருங்கள். அந்த ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள கிருமி. டி அணு உள்ள குழந்தை அதை அங்கேயே அடக்கிவிடுகிறது. டி அணு இல்லாத குழந்தைக்குப் புண் ஆறாது, அக்குளில் கட்டி வரும், அப்புறம் கல்லீரல், எலும்பு என்று பரவும். அக்குள் கட்டி மட்டும் ஆரோக்கியமான குழந்தைக்கும் சில சமயம் வருவதுண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கட்டியோடு காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்தால் விடக்கூடாது. போலியோ சொட்டு மருந்து, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஆகியவையும் உயிருள்ளவைதான்.

இதற்காகத் தடுப்பூசியே வேண்டாம் என்று யாராவது கிளம்பினால் அது தப்பான பாடம். கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றுவது அதே ஊசிதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை காரணம் தெரியாத தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பிசிஜி போடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பரிசோதனை முடியும்வரை உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிவைப்பார்கள்.

மூன்றாவதாக விழுங்கும் அணுக்கள். நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று ஒன்று உண்டு. அதில் வெள்ளையணுக்கள் எண்ணிக்கையில் நிறையவே இருக்கும், கிருமியை ஓடிப்போய் விழுங்கவும் செய்யும். விழுங்கிய பிறகு கொல்வதற்கு உள்ளே ஒரு ரசாயனக் குண்டு தயாராக வேண்டும். கிட்டத்தட்ட ப்ளீச்சிங் பவுடர் ஜாதி. அதைத் தயாரிக்கும் நொதி இவர்களிடம் பழுது. ஆகவே கிருமி அந்த அணுவின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு சவாரி செய்கிறது. கல்லீரலில் சீழ்க்கட்டி, நெறிகட்டி உடைதல், நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இதெல்லாம் வரும். இந்தப் பிள்ளைகளை வைக்கோல் போரிலும் எருக்குழிப் பக்கமும் விளையாட விடக்கூடாது என்பார்கள். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் மக்கும் பொருள்களைக் கிளறும்போது பறக்கும் பூஞ்சை வித்துகள் இவர்களுக்கு உயிராபத்து.

ரத்தத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக வேலை செய்து கிருமியைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் என்ற இன்னொரு புரதக் கூட்டம் இருக்கிறது. அதில் கடைசிக் கட்டப் புரதங்கள் இல்லாதவர்களுக்கு மெனிஞ்சோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் ஒருமுறை வந்து மறுபடியும் வரும். ஒரே நோய் இரண்டாவது முறை வந்தாலே விஷயம் புரிந்துவிடும்.

இப்படிப் பிறவியிலேயே வருபவற்றை 450-க்கும் மேல் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல்லாம் பயங்கரமானவை அல்ல. ஐஜிஏ என்ற ஒரே ஒரு வகை ஆன்டிபாடி மட்டும் இல்லாதவர்கள்தான் இவர்களில் அதிகம், அவர்களில் பெரும்பாலோருக்குத் தனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிறவிக் கோளாறு என்றால் பிறந்தவுடனே தெரிய வேண்டும் என்றும் இல்லை. ஆன்டிபாடி குறைந்துகொண்டே போகும் ஒரு வகை, இருபது முப்பது வயதில்தான் பலருக்கு வெளிப்படுகிறது. அதற்குள் பத்து வருடம் சைனஸுக்கும் நிமோனியாவுக்கும் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள்.

பரம்பரையாக வருவதில் இரண்டு வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும். புரூட்டன் நோயும் டேவிட்டுக்கு வந்த வகையும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பவை. பழுதான மரபணுவைச் சுமக்கும் அம்மாவுக்கு ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அவரிடம் நல்ல நகல் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு மகனுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது தாய்மாமன்களைப் பற்றிக் கேட்பார். பாட்டி வீட்டில் ஆண் குழந்தைகள் தங்கவில்லை என்ற பழைய பேச்சு ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் சொல்லலாம். அந்தக் காலத்தில் தோஷம் என்று சொல்லி ஒரு பெண்ணின் தலையில் கட்டியிருப்பார்கள். இரண்டாவது வழி, அப்பா அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பழுதான நகல் இருந்து, குழந்தைக்கு இரண்டுமே வந்து சேர்வது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இதற்கான வாய்ப்பு கூடும், ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுது இரண்டு கிளையிலும் இறங்கியிருக்கலாம் என்பதால். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகாத நம் ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

சரி, பிறந்த பிறகு வருவதைப் பார்ப்போம். எண்ணிக்கையில் இதுதான் மிக அதிகம். உலக அளவில் முதல் காரணம் எச்ஐவி அல்ல, சாப்பாடு போதாமை. புரதமும் சத்தும் இல்லாத குழந்தையின் தைமஸ் சுருங்கிவிடும், சாதாரணப் பேதியே ஆளைத் தூக்கிவிடும்.

எச்ஐவி கதையில் எனக்கு எப்போதும் பிடித்த இடம் அதன் ஆரம்பம். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஐந்து இளைஞர்களுக்கு நிமோனியா வந்ததாக ஒரு சின்ன அறிக்கை வெளியானது. ஐந்து பேருக்கும் நிமோசிஸ்டிஸ். ஞாபகம் இருக்கிறதா? டி அணு இல்லாத பச்சைக் குழந்தைக்கு வர வேண்டிய கிருமி, நேற்றுவரை நன்றாக இருந்த வாலிபர்களுக்கு. அந்த வைரஸை யாரும் பார்த்திருக்கவில்லை, அதற்குப் பெயரும் இல்லை. ஆனாலும் எதுவோ டி அணுக்களை அழிக்கிறது என்பதை வந்த கிருமியே காட்டிக்கொடுத்தது. வைரஸ் கையில் கிடைக்க 1983 ஆகிவிட்டது.

இந்தியாவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் இதை ஆய்வுப் பொருளாக எடுக்கச் சொன்னார். நம் நாட்டில் இதெல்லாம் இருக்காது என்று நிறையப் பேர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழில் வழக்கில் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். அதிலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீரை வைக்க வசதியில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பரிசோதனை வசதியும் சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ரயிலேறிக் காட்பாடி போய், வேலூர் சிஎம்சியில் வைரஸ் துறையிலிருந்த ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது எச்ஐவி தொற்று இருக்கிறது என்று காட்டின. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி சோதித்தும் அதே முடிவு.

எச்ஐவி குறிவைப்பது சிடி4 என்ற அடையாளம் உள்ள டி அணுக்களை, அதாவது உத்தரவு கொடுக்கும் அதிகாரிகளை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் இவை சுமார் 500-லிருந்து 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம். ஆனால் நம் ஊரில் எச்ஐவி உள்ளவரைப் பெரும்பாலும் முதலில் பிடிப்பது காசநோய்தான், ஏனென்றால் அந்தக் கிருமி இங்கே பலருடைய நுரையீரலில் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறது. காவல்காரன் போனதும் எழுந்துகொள்கிறது. 2004 ஏப்ரலிலிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் அணுக்கள் மறுபடி ஏறும். பிறவிக் கோளாறுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். பிறவியில் வந்ததில் வார்ப்பிலேயே பிழை. பிற்பாடு வந்ததில், கெடுக்கும் பொருளை விலக்கினால் பல சமயம் பழைய நிலை திரும்பும்.

2021 கோடையில் கருப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியது நினைவிருக்கும். மியூக்கர் என்ற அந்தப் பூஞ்சையின் உறவுக்காரர்களைப் பழைய ரொட்டியில் பார்க்கலாம், அதன் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. அன்றைக்கு மட்டும் ஏன் ஆட்டம் போட்டது? கட்டுப்பாடில்லாத சர்க்கரை, மேற்கொண்டு கொரோனாவுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறினால் விழுங்கும் அணுக்கள் சோம்பேறியாகிவிடும். ஸ்டீராய்டு அவற்றை இன்னும் முடக்கி, சர்க்கரையையும் ஏற்றிவிடும். இரண்டும் சேர்ந்த உடம்பில் மூக்கு வழியாக நுழைந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்லவில்லை, மூச்சுத் திணறியவர்கள் பலரைக் காப்பாற்றியது அதுதான். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி, மூட்டு வலிக்கென்று மாதக்கணக்கில் விழுங்குகிறார்களே, அதுதான் கவலை.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து, மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடும் மாத்திரை எல்லாம் தெரிந்தே எதிர்ப்பைக் குறைப்பவை. மண்ணீரல் விஷயம் அவ்வளவாகத் தெரிவதில்லை. விபத்திலோ, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காகவோ மண்ணீரலை எடுத்தவர்களுக்கு ரத்தத்தைச் சலிக்கும் சல்லடை இல்லை. அங்கே வருவது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வழவழப்பான நிமோகாக்கஸ். காலையில் காய்ச்சல், ராத்திரிக்குள் உயிராபத்து என்ற வேகத்தில் வரும். அதனால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே, முடியாவிட்டால் அதற்குப் பிறகாவது, உறையுள்ள கிருமிகளுக்கான தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாரசிட்டமால் போட்டுப் படுக்கக்கூடாது. முகம் வீங்கி, சிறுநீரில் நுரை போகும் நெஃப்ராட்டிக் குழந்தைகளுக்கும் இதே கிருமியிடம் பயம் உண்டு, ஆன்டிபாடி சிறுநீரோடு ஒழுகிவிடுவதால்.

தட்டம்மையும் இந்த வரிசையில் வரும். தட்டம்மை வந்த பிள்ளைகளுக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை கொஞ்ச நாள் வேலை செய்யாமல் போவதை 1908-லேயே வியன்னாவின் பிர்க்கே கவனித்து எழுதினார். பழைய கிருமிகளைப் பற்றிய ஞாபகத்தையே அந்த வைரஸ் அழிக்கிறது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அம்மை இறங்கிய பிறகும் மாதக்கணக்கில் பிள்ளை நோஞ்சானாக இருப்பது அதனால்தான்.

யாரைச் சந்தேகப்படுவது? எல்கேஜி போகிற குழந்தைக்கு வருடத்துக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம். தானாக வந்து தானாகப் போகும் சளிக்கு எந்த டானிக்கும் தேவையில்லை. ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, ஆழத்தில் சீழ்க்கட்டி, எடை ஏறாமல் நிற்பது, ஆன்டிபயாட்டிக் மாதக்கணக்கில் கொடுத்தும் கேட்காதது, யாருக்கும் வராத கிருமி வருவது, இவை வேறு ரகம்.

பழுது எங்கே என்று தெரிந்தால் வைத்தியம் அதற்கேற்ப அமையும். ஆன்டிபாடி இல்லாதவருக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள், வாழ்நாள் முழுக்க. ஒரு பாட்டிலில் ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மா கலந்திருக்கும். ஊரில் யார் யாருக்கு எந்தெந்தக் கிருமி வந்ததோ அதற்கெல்லாம் மருந்து அதில் இருக்கிறது. ஸ்கிட் குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று. 1968-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் முதன்முதலில் அதில் வெற்றி கண்டார். மூன்றரை மாத வயதுக்குள் செய்துவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். மரபணு சிகிச்சையை மனிதரிடம் முதலில் முறையாகச் செய்ததும் இந்த வகை நோய் ஒன்றுக்குத்தான், 1990 செப்டம்பரில், நான்கு வயதுச் சிறுமிக்கு. பிறகு பாரிஸில் நடந்த வேறொரு முயற்சியில் சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததால் அந்தத் துறை சில காலம் தடுமாறியது.

ஆக, ஸ்கிட்டில் எல்லாமே சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனையை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது. நம் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் அது செய்யப்படுவதில்லை. ஆனால் எந்தச் சின்ன ஊர் லேபிலும் கிடைக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டே பாதி வேலையைச் செய்துவிடும். சீட்டில் மொத்த வெள்ளையணுக்கள் 6,000, லிம்போசைட் (பி, டி அணுக்கள் அடங்கும் வகை) 30 சதவீதம் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,800. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' பெரும்பாலும் பெரியவர்களுக்கானது, அதன்படி 1,800 சரியாகவே தெரியும், யாரும் சிவப்பு மையில் வட்டம் போட மாட்டார்கள். ஆனால் இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த எண் 3,000-க்குக் கீழே இறங்கினாலே சந்தேகப்பட வேண்டும். பேதியும் இருமலுமாகத் தொடர்ந்து மெலிந்துகொண்டு வரும் கைக்குழந்தையின் சீட்டு வீட்டில் எங்கேயாவது மடித்து வைத்திருந்தால், எடுத்து அந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். எண் குறைவாக இருந்தால், பக்கத்தில் என்ன அச்சிட்டிருந்தாலும், அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.